போனுக்குப் பல் பார்த்தவர்

திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி கஜபதியின் போனில் ஒரு குறையும் இல்லை. ஐந்து வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இனி அப்டேட் கிடையாது என்று கம்பெனி கைகழுவிவிட, பேங்க் ஆப்பும் திறக்க மறுத்தது. கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே திருத்தணி பஜாருக்கு வந்தார்.

கடைக்காரர் ஜானகிராமன் பளபளவென்று ஒரு போனை நீட்டினார்.

"ஆடிக் கிருத்திகை ஆஃபர் நைனா, பாதி விலை. நாலு வருஷம் அப்டேட் வரும். கண்ண மூடிகினு எடுத்துகினு போங்க."

கண்ணை மூடிக்கொண்டு கஜபதி எதையும் வாங்கியதில்லை. சந்தையில் மாடு பிடித்தாலும், வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகுதான் அதன் வயதை நம்புவார்.

"நாலு வருஷம்னா, நான் வாங்குற நாள்லேர்ந்தா?"

ஜானகிராமன் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "இல்லீங்க, கம்பெனி இந்த மாடல வுட்ட நாள்லேர்ந்து."

"எப்ப வுட்டான்?"

"அது ஆவுது, மூணு வருஷம்."

கஜபதி போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"பல்லு போன மாட்டுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சி நிறுத்திகீற. சந்தையில இத செஞ்சவன், ஒத வாங்கிகினு அந்தப் பக்கமே வரமாட்டான். நீ இன்னான்னா, ஆஃபர்னு போர்டே மாட்டிகீற!"