கண்ணாடி போடாத படம்

ஊர்ப் பெரிய முதலாளி ஒருவர் தன்னிடமிருந்த நாற்பத்தோரு ஓவியங்களையும் எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறார். அவற்றை மாட்டத் தனிக் கட்டடமும் கட்டித் தருகிறார். ஒரே நிபந்தனை, எந்தப் படத்துக்கும் கண்ணாடி போடக் கூடாது. மூன்று கண்ணாடி ஆலை வைத்திருப்பவர் பேசுகிற பேச்சா இது? காரணம் தெரியாமல் எனக்கு மண்டையே வெடித்துவிடும் போலிருந்தது. படங்களுக்குச் சட்டம் போடுவது என் வேலை. துருவித் துருவிக் கேட்பது என் குணம்.

நாற்பது படங்கள் எண்ணெய் வண்ணம், கண்ணாடி இல்லாமலே தாக்குப்பிடிக்கும். சிக்கல் மிச்சமிருந்த ஒன்றில்தான். ஜன்னலோரம் ஒரு பெண் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். சாக்பீஸ் மாதிரியான வண்ணக்கட்டியால் தீட்டியது; பலமாகத் தும்மினால் பொடி உதிரும். முப்பது வருஷமாக அவர் படுக்கைக்கு எதிரே இருந்த படம். அவளுடைய விரல்கள் ஏற்கெனவே மங்கியிருந்தன.

"கண்ணாடி மேல அப்படி என்ன சார் கோபம்?" என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேவிட்டேன்.

அவர் மனைவி முந்திக்கொண்டார். "கோபமெல்லாம் இல்லம்மா. நான் மூக்குக்கண்ணாடி போட்ட நாள்லேருந்து இவர் என் முகத்தையே பார்த்ததில்ல. கண்ணாடியில கீறல் இருக்கான்னுதான் பார்ப்பார்."

முதலாளி சிரிக்கவில்லை. இளவயதில், கோடு போட்ட பலகைக்கு முன்னால் கண்ணாடித் தகடுகளை நிறுத்தி, கோடு நெளிகிறதா என்று பார்த்துக் கழித்துக்கட்டுவது அவர் வேலையாம். பதினோரு வருஷம்.

"அதுலேருந்து என் கண்ணு கண்ணாடிலேயே நின்னுடுதும்மா. தாண்டிப் போக மாட்டேங்குது. கார்ல போனாக்கூட தெருவைப் பார்த்ததில்ல. கண்ணாடி இல்லாம பார்க்க ஏதாச்சும் வேணும்னுதான் படமே வாங்க ஆரம்பிச்சேன்."

கேலி பேச வாயெடுத்தவள் கப்சிப்பென்று அடங்கிவிட்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல முடியுமா?

"ஊர் ஜனம் வந்து போற இடம் சார். கண்ணாடி இல்லாட்டி ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம். அப்புறம் வெறும் காகிதம்தான். இதை மட்டும் நீங்களே வச்சுக்குங்களேன்."

"நான் வச்சுக்கிட்டா, எனக்கப்புறம் யாரு பார்ப்பாங்க?"

வெகுநேரம் படத்தின் முன் நின்றார். ஊசி, நூல், ஜன்னல் வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரே ஆலைக்கு ஃபோன் போட்டு, இருப்பதிலேயே நல்ல தகடாக ஒன்று அனுப்பச் சொன்னார்.

மறுவாரம் அதைப் பொருத்திப் புதுக் கட்டடத்தில் மாட்டினேன். அங்கே கண்ணாடி இருப்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலாளி நேரே நின்று பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். "மேல் மூலையில லேசா ஒரு நெளிவு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்:

"அவ தைச்சுக்கிட்டுதானேம்மா இருக்கா?"