இரண்டரைச் சொட்டு

புதுக் கணினியில் நிரல் முதல் தட்டிலேயே திறந்துகொண்டது. மேலாளர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ஓடுது பாருங்க. மதியத்துக்குள்ள எல்லா வார்டுக்கும் மாத்திடலாம்."

அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எட்டு வருடங்களுக்கு முன் அந்த மருத்துவமனைக்காக அவளே எழுதிய நிரல் அது. நோயாளியின் எடையையும் மருந்தின் பெயரையும் கொடுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு இறங்க வேண்டும் என்று சொல்லும். அது இருந்த பழைய கணினி இன்றோ நாளையோ என்று கிடந்தது. புதியதில் அந்த நிரல்மொழியின் புதிய பதிப்பு. ஓடுவது சரி, அதே விடையைச் சொல்கிறதா?

பழைய நோயாளிகளின் விவரங்கள் இருநூறை எடுத்து இரண்டிலும் போட்டுப் பார்த்தாள். நூற்று நாற்பது வரை ஒன்றுபோல வந்தன. மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்ததில் பழையது மூன்று என்றது, புதியது இரண்டு என்றது. உண்மையான விடை இரண்டரை. பாதியில் நிற்கும் எண்ணைப் பழைய பதிப்பு மேலே தள்ளும். புதியது பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளுகிறது. அவள் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"ஒரு சொட்டுதானே," என்றார் மேலாளர்.

"யாருக்கு ஒரு சொட்டுன்னு கேட்டுட்டு வரேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடி படியேறினாள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் அவளுடைய அக்காதான் தலைமை நர்ஸ்.

"அக்கா, திரையில மூணு சொட்டுன்னு வந்தா எவ்வளவு வைப்பீங்க?"

"ரெண்டு."

"ஏன்?"

"உன் கம்ப்யூட்டர் எப்பவும் தூக்கித்தான் சொல்லும். இங்க ஒண்ணு குறைச்சுதான் வைக்கிறது. புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம். உனக்குத் தெரியாதா?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். புதுக் கணினி இரண்டு என்று சொல்லும். பழக்கதோஷத்தில் இவர்கள் ஒன்று வைப்பார்கள். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு வேண்டிய மருந்தில் பாதிகூட இறங்காது. எட்டு வருடமாக அவளுடைய நிரலும் இவர்களுடைய கையும் சேர்ந்துதான் அந்த விடையைச் சொல்லி வந்திருக்கின்றன. அவளோ நிரலை மட்டும் புதுக் கணினிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னிக்கு மாத்த முடியாது," என்று கீழே வந்து சொன்னாள்.

"மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஓடுது, ஆனா இன்னும் முழுசா வந்து சேரலைன்னு சொல்லுங்க."

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். பாதியில் நிற்கும் எண்ணை எப்படித் தள்ளுவது என்பதை இனிப் பதிப்பின் இஷ்டத்துக்கு விடாமல், பழைய முறையையே மாலைக்குள் அவள் நிரலில் எழுதிவைத்தாள். திரையில் அதன் பக்கத்திலேயே இரண்டரையை இரண்டரையாகவும் காட்டச் செய்தாள். இருநூறும் ஒத்துப்போயின. அப்போதும் மனம் அடங்கவில்லை.

மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தோடு வார்டில் போய் நின்றாள். "அக்கா, வேற எதையெல்லாம் நீங்களா மாத்திக்கிறீங்க?"

அக்கா மற்ற நர்ஸ்களைப் பார்த்தாள். ஒருத்தி தொண்டையைச் செருமினாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உட்காரு," என்றாள் அக்கா, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு. "கொஞ்ச நேரம் ஆகும்."