ஒரு பிடி கிணற்றுக்காடு

கரண்டிக் காம்பை அப்பாவின் பல்லிடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தான் கருப்புசாமி. மண் கரைத்த தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்ததே தவிர, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"உடுண்ணா, பல்லு ஒடைஞ்சிரும்," என்று அவன் கையைப் பிடித்தாள் முத்தாத்தாள். அப்பாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு கோவிந்தாபுரத்திலிருந்து அவள் வந்து நாலு நாளாயிற்று. பொங்கியண்ணக் கவுண்டருக்குப் பேச்சு நின்றுவிட்டது. உயிர் மட்டும் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு, இந்தா போகிறேன் அந்தா போகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மண்ணாசையில் நிற்கிறது, அவர் ஆண்ட மண்ணைக் கரைத்து வாயில் விட்டால் அடங்கிவிடும் என்றாள் அத்தை கருப்பாத்தாள்.

அண்ணன் போய் வாழைமரத்தடியில் ஒரு பிடி அள்ளிவந்து கரைத்துவிட்டான். அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஆசை கிணற்றுக்காட்டின் மேல் இருக்க, பாத்திரம் கழுவுகிற இடத்து மண்ணைக் கொடுத்தால் எப்படி வாயைத் திறப்பார் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கிணற்றுக்காடு இப்போது ராக்கப்பனுடையது.

ராக்கப்பன் அதில் காலமெல்லாம் குத்தகைப் பாட்டம் அளந்து உழுதவன். உழுகிறவனுக்கே நிலம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்ததும் நிலத்தின் பட்டயம் அவன் பேருக்கு வந்துவிட்டது. கவுண்டர் கோர்ட்டு வாசலிலெல்லாம் நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை என்றானதும், காட்டை அவனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற கதைதான். கொடுப்பதற்கு அவரிடம் சொல்லுக்கா பஞ்சம்? வாசலில் வந்து நிற்பவனுக்குப் போட்டால் பிச்சை, பண்ணையத்து ஆளுக்கு இனாம், கோயிலுக்கு நன்கொடை, தண்ணீர்ப்பந்தல் வைத்தால் தருமம், மகளுக்குச் செய்தால் சீர். சர்க்கார் பிடுங்கியதற்கும் ஒரு பேர் வைத்துவிட்டார். சந்தையிலும் டீக்கடையிலும் ராக்கப்பன் காதுபடவே சொல்வார். அவன் எதிர்த்துப் பேசியதில்லை. இந்த வீட்டு வாசலை மிதிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

"அவங்கிட்டப் போயி நான் கையேந்தறதா? எங்கய்யன் இப்படியே கெடந்தாலும் செரி," என்றான் அண்ணன்.

கிடப்பது அவனா? பீத்துணி அலசுகிறவள் அவள். முத்தாத்தாளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணன் மேல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவர் மேல், இந்த வீட்டு வீம்பின் மேல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

ராக்கப்பன் கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலையே பார்த்தபடி நின்றான்.

"எம்புள்ளைகள தானக்காட்டான் புள்ளைகன்னு பள்ளிக்கூடத்துல கூப்புடறாங்க அம்மிணி. கவுண்டரு போறதுக்குள்ள ஒருக்காலாச்சும், அது தானமில்லேன்னு சொல்லுவாருன்னு பாத்தனுங்க. இப்பப் பேச்சே போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

அவன் குனிந்து, ஈரமாகப் பார்த்து ஒரு பிடி தோண்டினான். அதிலிருந்த கோரைக்கிழங்கையும் வேரையும் பொறுக்கிப் போட்டான். அவள் முந்தானையை விரித்தாள். தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

வீட்டு வாசலில் வாங்கி அவளே கரைத்தாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாடை ஓய்ந்துபோயிருந்ததோ என்னவோ, இந்த முறை வாய் திறந்தது. இரண்டு மடக்கு இறங்கியது. அடுத்தது வெளியே வழிந்தது. அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் பங்காளிகள் கூடிவிட்டார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே கதையைச் சொன்னான். அய்யன் தானம் செய்த மண்ணு கடைசியில் அவர் வாய்க்கே வந்து சேர்ந்தது. குடுத்தவங்களுக்குத்தான் இப்படிச் சாவு வாய்க்கும். புண்ணியவான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மாடு கட்டும் கட்டுத்தரை ஓரத்தில், கையைக் கழுவக்கூடப் போகாமல் நின்றிருந்த ராக்கப்பன் அதையும் கேட்டுக்கொண்டு நின்றான். கொழிஞ்சாம்பாறை மாமனிடம் அண்ணன் மறுபடி ஆரம்பித்தபோது, அப்பாவின் தலைமாட்டிலிருந்து முத்தாத்தாள் எழுந்தாள்.

"அது எங்கய்யன் குடுத்த மண்ணில்லீங்க மாமா. வாங்குன மண்ணு. ராக்கப்பண்ணன் குடுத்தாரு. நாந்தான் போயிக் கேட்டு வாங்கியாந்தேன்."

ராக்கப்பனை அண்ணன் என்று அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணனுக்கு முகம் கருத்துவிட்டது.

வாய்க்கரிசி போட்டு உறவுக்காரர்கள் ஒதுங்கியதும், தட்டில் மிச்சம் இருந்த அரிசியோடு அவள் கட்டுத்தரைக்குப் போனாள்.

"வாங்க," என்றாள்.

அவன் கருப்புசாமியைப் பார்த்தான். பிறகு வந்தான். ஒரு பிடி அள்ளி, குனிந்து, கவுண்டரின் உதட்டில் வைத்தான். விரலில் காய்ந்திருந்த மண் உதிர்ந்து அரிசியோடு விழுந்தது.

அண்ணன் தோள் துண்டை உருவிக்கொண்டு அந்த மண்ணைத் துடைக்கக் குனிந்தான். ராக்கப்பன் நகரவில்லை. அப்பாவின் வாய்க்கு மேலே அண்ணன் கை அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து, அந்தத் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.