நூற்றைம்பது நடை

“ஏழு குடு.”

“ஒரு நிமிஷம்க்கா.”

“நூத்தம்பதுன்னு நீதானே எண்ணிட்டு வந்தே? நூத்தம்பது கஜத்துக்கு ஏழாம் நம்பர்தான். குடுடி, வக்கீல் பார்த்துட்டு நிக்கறாரு.”

தங்கை கோல்ஃப் மட்டைப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசிக் குழி. இதுவரை அக்காவும் எதிர்த்து ஆடும் வக்கீலும் சமம்; இந்தக் குழியை வக்கீல் ஆறு தடவை அடித்து முடித்துவிட்டார். பல் டாக்டரான அக்கா மூன்று அடித்திருக்கிறாள். இன்னும் இரண்டே அடியில் பந்து குழிக்குள் விழுந்தால் கோப்பை அவளுக்கு. ஆனால் குழியில் நட்ட கொடிக்குப் பின்னாலேயே குளம். போன வருஷம் கோப்பையை விழுங்கியதும் இதே குளம்தான்.

மட்டையின் எண் ஏற ஏறப் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். அதனால் தூரம் தெரியாமல் மட்டையைத் தொடக்கூடாது. அளப்பது தங்கையின் பொறுப்பு. அவள் எடுத்து வைக்கும் ஒரு எட்டு, ஒரு கஜம். மொட்டைமாடியில் டேப் விரித்துப் பழகியது. கடிகாரம் தப்பினாலும் இவள் கால் தப்பாது என்று அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

தங்கை ஈரப் புல்லைப் பார்த்தாள். கொடிவரை போய்த் திரும்பிய அவளுடைய தடங்கள், கோழி நடந்ததுபோல் நெருங்கி நெருங்கிக் கிடந்தன. புது ஷூ. முந்தின குழியில்தான் குதிகால் கொப்புளம் உடைந்தது.

“அக்கா, நான் நொண்டிக்கிட்டே அளந்திருக்கேன், எட்டு குட்டையாயிடுச்சு. நூத்தம்பது இல்ல. நூத்திமுப்பதுதான் இருக்கும். ஒன்பது எடு.”

“ஒன்பதா? நிச்சயமாவா?”

“என் கால் மேல சத்தியமா.”

“எந்தக் கால்? நல்ல காலா, நொண்டற காலா?”

தங்கை ஒன்பதாம் நம்பரை உருவி நீட்டினாள். அக்கா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

சளக். பந்து விறுவிறுவென்று மேலே ஏறி, வெயிலில் கரைந்து காணாமல் போனது. பிறகு தொப்பென்று கொடிக்கு இந்தப் பக்கம் விழுந்தது, துள்ளியது, உருண்டது. குளத்தை நோக்கியேதான் உருண்டது. கொடியைத் தாண்டி, கொஞ்சம் தள்ளி, போதும் என்பதுபோல் நின்றது.

வக்கீல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இருவரும் கிட்டத்தட்ட ஓடினார்கள், ஒருத்தி நொண்டியபடி. அக்கா உருட்டும் மட்டையை வாங்கி, குனிந்து, பந்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏண்டி,” என்றாள் நிமிராமல், “அந்த ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு, இதை மட்டும் ஒழுங்கா அளந்து சொல்லேன்.”