எந்த ஒன்றியம்?

தப்பு எங்கள் மேல்தான். நோட்டீஸில் 'ஐரோப்பிய' என்ற சொல்லைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, 'ஒன்றியத்தின் பொதுநெறியா, உறுப்பினரின் சொந்த நலனா?' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் அடித்திருந்தோம். மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில் பட்டிமன்றம். வரலாற்று ஆசிரியனான நான் 'சொந்த நலன்' அணிக்குத் தலைவன்.

பார்வையாளர் கேள்விக்கு நேரம் வந்ததும் மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா எழுந்தார்.

"எம்பேரு பாண்டிச்செல்வி. ஒன்றியக் கவுன்சிலர். எங்க ஒன்றியத்தப் பத்திப் பேசுறீகன்னு நெனச்சு உசிலம்பட்டியிலருந்து பஸ் ஏறி வந்துட்டேன்."

அரங்கம் சிரித்தது. வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். அவர் உட்காரவில்லை.

"தண்ணியே இல்லாத ஊருக்குத்தான் மொத தொட்டின்னு எல்லாருஞ் சேந்து தீர்மானம் போட்டோம். கொண்டுவந்ததே நாந்தேன். இப்ப ஒரே ஒரு தொட்டி வந்திருக்கு. எங்க ஊர்ல உப்புத்தண்ணியாச்சும் வருது, பக்கத்து ஊர்ல அதுவுமில்ல. திங்கக்கிழம ஓட்டு. ரெண்டு பக்கமும் சமமா நிக்குது, எங் கை ஒண்ணுதான் பாக்கி. தொட்டிய விட்டுட்டு ஊருக்குள்ள வராதன்னு எங்காளுக சொல்லிட்டாக. நான் என்ன செய்ய?"

"உங்களுக்கு ஓட்டுப் போட்டது உங்க ஊர்தானேம்மா? அவங்க நலன்தான் முதல்" என்றேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

"தீர்மானத்துக்குக் கை தூக்குனதும் எங்க ஊருக்காகத்தான சார்? நாளைக்கு எங்க ஊரு காஞ்சா, எவன் கை தூக்குவான்?"

என் கையிலிருந்த பன்னிரண்டு பக்கக் குறிப்பைப் புரட்டினேன். நடுவர் மணியடித்துக் காப்பாற்றினார். தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது. வெளியே ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, என் நம்பரைக் கொடுத்தேன்.

திங்கள் மாலை அழைத்தார்.

"தொட்டி பக்கத்து ஊருக்குப் போயிருச்சு சார்."

இம்புட்டுத் துணிச்சல் என் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"ஊர்ல என்ன சொல்றாங்கம்மா?"

"யாரும் பேசல. எவளோ எங்க வாசல்ல வெறுங்கொடத்தக் கவுத்து வச்சுட்டுப் போயிருக்கா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நிமித்தி வச்சிருக்கேன். அடுத்த தொட்டி எங்களுக்குத்தான சார்? உங்க பக்கம் ஜெயிச்சதாம்ல, சந்தோசம்" என்றார். குரலில் கேலி துளியும் இல்லை.