நாலு விரல்கடை

கடல்மேல் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குப் பக்கத்து வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் எட்டிக் கால் வைக்க முடியாது. ஒரு கைப்பிடி உப்பு கடன் வாங்குவதற்கும் படகை அவிழ்க்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தவளுக்கு அந்த மிதக்கும் குடியிருப்பு வைத்த பெயர் பாலக்காரி. மிதவைகளைக் கோத்து, மேலே பலகை போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, வீட்டுக்கு வீடு நடைபாதை அமைத்துக் கொடுப்பது அவள் வேலை.

எல்லா வரிசைக்கும் போட்டுவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, அவள் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு. அடுத்த வீட்டில் இருப்பது அவளுடைய சொந்த அக்கா. முதலில் அங்கே போட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனால்தான் கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

அத்தான் போன வருஷம் காலமாகிவிட்டார். மூத்த மகன் பெரியவன் கரையில் குடியிருக்கிறான். அதற்குப் பிறகு அக்கா ஒருநாள் படகில் ஏறும்போது வழுக்கி விழுந்து, முழங்கால் போயிற்று. அன்றோடு படகு என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். ஆக, பேச்செல்லாம் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே கத்திக் கத்தித்தான். இன்றைக்கு யார் வீட்டில் என்ன சமையல் என்பது அக்கம்பக்கத்துக்கெல்லாம் அத்துப்படி. தங்கையாவது படகெடுத்துப் போயிருக்கலாம். வேலை வேலை என்று அதுவும் குறைந்து போயிருந்தது. பாதை வந்துவிட்டால் தினமும் பார்க்கலாமே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்தப் பாதைக்கு அவள் மனசுக்குள் போட்டுக்கொண்ட ஒரே விதி, படி இருக்கக் கூடாது என்பது. அக்காவின் கால் படி ஏறாது. பாதையும் அக்கா வீட்டுத் தளமும் தண்ணீருக்கு மேல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று வருஷ ஆரம்பத்தில் அவளே போய் அளந்து வந்தாள்.

பாதையைப் பூட்டும் நாளன்று காலையிலேயே சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பாதைகளின் கைப்பிடிகளில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவளோடு வேலை பார்க்கும் வெல்டர் பாதையை மெல்ல இழுத்து வந்து அக்கா வீட்டோடு சேர்த்தார். பாதியை வீட்டிலும் பாதியைப் பாதையிலும் பொருத்தியிருந்த கீலின் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. வீட்டுத் தளம் பாதையைவிட நாலு விரல்கடை உயரத்தில் நின்றது.

"மேடம், டேப்பு சொந்தமா, இரவல் வாங்கினதா?" என்றார் வெல்டர்.

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். மீன் வளர்க்கிற பருத்த மீன்காரருக்கு வயிறு குலுங்கியது. பாலக்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊருக்கெல்லாம் சரியாக அளந்துவிட்டு, அக்கா வீட்டில் போய்க் கோட்டை விட்டோமா என்று குனிந்து பார்த்தாள். வீட்டின் அடிப்பக்கத்தில் எப்போதும் தண்ணீரோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பாசிக் கோடு, இப்போது தண்ணீருக்கு மேலே காய்ந்து வெளுத்திருந்தது. டேப்பு சரிதான். வீடுதான் எழும்பியிருக்கிறது. மிதக்கிற வீடு கனம் குறைந்தால்தான் எழும்பும்.

ஒரே தாவாகத் தாவி உள்ளே போனாள்.

கூடத்தில் அலமாரி இல்லை, கட்டில் இல்லை. அத்தான் எஞ்சின் ரிப்பேர் பார்த்த பின்கட்டில் லேத் மெஷின் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அக்கா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் எங்கக்கா?"

"மெதுவாப் பேசு. காலி வீடு, எதிரொலிக்குது."

"லேத் மெஷினு?"

"வித்துட்டேன். நீ வேலைக்குப் போன நேரத்துல பின்பக்கமா வந்து எடுத்துட்டுப் போனாங்க. பெரியவன் கரைக்கு வா, வான்னு உயிரை எடுக்கிறான். நாளைக்கு இழுவைப் படகு வருது. வீட்ட அங்க கொண்டு போய்க் கட்டிட்டு, நிதானமா வித்துக்கலாம்ங்கிறான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொன்னா அழுவே. நானும் அழுவேன். ஜன்னல்ல நின்னு கத்திக்கிட்டே அழ முடியுமாடி?"

"பாதைதான் வரப்போகுதே, தெரியும்ல?"

"ஊருக்கெல்லாம் வந்துச்சு. நானும் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மீன்காரர் கொட்டகைக்குக்கூட வந்துச்சு. கூடப் பொறந்தவளுக்குத்தான் வரல. சரி, நமக்கில்லன்னு விட்டுட்டேன்."

"உனக்கு மொதல்ல போட்டா ஊர் பேசுமேன்னுதான்..."

"ஊரா வந்து என் கால அமுக்கி விட்டுச்சு?"

பாலக்காரி அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

வெளியிலிருந்து வெல்டர் குரல் கொடுத்தார். "மேடம், வீட்டுப் பக்கத்துக் கீலை நாலு விரல்கடை கீழ எறக்கி அடிச்சிரவா? ஒரு படி மாதிரி வரும், பரவாயில்லையா?"

"என்ன சொல்லட்டும்க்கா?" என்றாள் தங்கை. "நீ போறதா இருந்தா பாதையே வேண்டாம். இருக்கிறதா இருந்தா படி வேண்டாம்."

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். புதுப் பலகை வெயிலில் நீண்டு கிடந்தது. அந்தக் கோடியில் தங்கையின் சமையலறைக் கதவு திறந்திருந்தது.

"நடந்தா ஆடுமா?"

"கொஞ்சம் ஆடும். ஆனா விழ மாட்டே. கைப்பிடி மத்த பாதையில எல்லாம் ஒரே உயரம். இதுல மட்டும் உன் இடுப்பு உயரத்துக்கு வச்சிருக்கேன்."

அக்கா தன் கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "வீட்ட எறக்க என்ன பண்ணணும்?"

"கனம் ஏத்தணும்."

"இழுக்கறதுக்கு லேசா இருக்கட்டும்னு வீட்டுக்கு அடியில இருக்கிற கடல்தண்ணித் தொட்டிய எல்லாம் காலி பண்ணி வச்சேன். போய் வால்வத் தெற."

தொட்டிகள் நிரம்ப நிரம்ப வீடு நிதானமாக இறங்கியது. காய்ந்த பாசி மறுபடி நனைந்தது. வெயில் சாய்ந்த நேரத்தில் வெல்டர் கையை உயர்த்தினார். "தொட்டி ரொம்பிருச்சு. இன்னும் ஒரு விரல்கடை பாக்கி!"

வேடிக்கைக் கூட்டம் ஓவென்று கூவியது. அக்கா கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் வெளியே வந்து நின்று பல நாளாகியிருந்ததால் கூட்டம் கப்சிப் என்று அடங்கியது.

"அங்க நின்னு பல்லக் காட்டுறவங்கள்லாம் என் வீட்டுக்குள்ள வாங்க. உக்கார நாற்காலி இல்ல, தரையிலதான் உக்காரணும்."

முதலில் மீன்காரர் வந்தார். அவர் கால் வைத்ததுமே பாதி பாக்கி தீர்ந்தது என்று வெல்டர் சத்தியம் செய்தார். பின்னாலேயே மற்றவர்களும் குழந்தை குட்டிகளோடு பாதைமேல் நடந்து வந்து கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அத்தானின் காரியத்துக்குப் பிறகு அந்த வீடு இத்தனை பேரைப் பார்த்ததில்லை. கீலின் இரண்டு பாதியும் சேர்ந்தன. வெல்டர் ஆணியைச் செருகி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"நாளைக்கு இழுவைப் படகு வருமேக்கா..." என்றாள் தங்கை மெதுவாக.

"வந்தா, வந்த வழியே போகச் சொல்லு. பெரியவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அக்கா கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். கைக்கு வாட்டமாகத்தான் இருந்தது. ஒரு காலைப் பலகைமேல் வைத்தாள், பிறகு மற்றதை. பலகை லேசாக ஆடிவிட்டு நின்றது. அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"யாரும் எந்திரிச்சுப் போயிராதீங்க. என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்."