தானாக நகராத நெம்புகோல்

"அம்மா, பிளேன் தானாவே பறக்குமாமே, அப்ப நீ உள்ள உக்காந்து என்ன பண்ணுவ?" ஸேபோமின் மகள் ஒருநாள் கிம்பாப் துண்டை மென்றுகொண்டே கேட்டாள். "அது ஒழுங்காப் பறக்குதான்னு பாத்துக்கிட்டு இருப்பேன்டி" என்று ஸேபோம் சிரித்தாள்.

இப்போது அவள் இஞ்சியோன் விமானிப் பயிற்சிக்கூடத்தில், விமானியின் அறையைப் போலவே செய்துவைத்த சிமுலேட்டருக்குள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தேர்வு. இரண்டில் தோற்றாயிற்று. இதிலும் தோற்றால் துணை விமானி வேலை போய்விடும், பதினோரு வருட உழைப்போடு. தேர்வு பெரிதொன்றுமில்லை. தானியங்கிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து, கையால் இறக்க வேண்டும். பறக்கப் பழகிய நாட்களில் சின்ன விமானத்தில் தினமும் செய்ததுதான்.

பின்னால் தேர்வாளர் கேப்டன் பியோ. பக்கத்து இருக்கையில் உதவிக்கு வந்த தோகில்.

"கை வேர்க்குதாக்கா? தொடச்சுக்கங்க. இது விழுந்தா யாரும் சாகப்போறதில்ல" என்று அவன் கிசுகிசுத்தான்.

"நான் செத்துருவேன்டா."

ஐந்நூறு அடி உயரத்துக்கு இறங்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வலக்கை விமானத்தை நேராகப் பிடித்திருந்தது. இடக்கை எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள்மேல் இருந்தது. இத்தனை வருடமும் அந்தக் கைக்கு அங்கேதான் இடம். தானியங்கி ஓடும்போது நெம்புகோல் தானாக முன்னே போகும், பின்னே வரும்; தூங்கும் குழந்தையின் முதுகில் வைத்த கைபோல இதுவும் கூடவே போய்வரும். இப்போதும் அது காத்திருந்தது. தள்ள வேண்டியது நீதான் என்று கைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வேகம்! வேகம் கொறையுதுக்கா!" தோகில் கத்தினான்.

தள்ளினாள். அதற்குள் விமானம் கீழே சரியத் தொடங்கிவிட்டது. பியோ ஒரு பொத்தானை அழுத்தினார். ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல் தடுப்புச்சுவருக்கு நாற்பதடி மேலே திரை உறைந்து நின்றது.

"ஏம்மா, பதினோரு வருஷமா என்னத்தத்தான் ஓட்டுன?"

கேப்டன் பேச்சுக்கு அவள் இதுவரை மறுபேச்சுப் பேசியதில்லை.

"நாலு வருஷம் முன்னாடி, ஜேஜுவுக்குப் போனப்ப, மேகமே இல்ல கேப்டன். கையால எறக்கட்டுமான்னு உங்ககிட்டதான் கேட்டேன். கொஞ்சம் பிசகினாலும் கம்ப்யூட்டர்ல பதிவாகும், நாளைக்கு ஆபீஸ்ல இருந்து எனக்குத்தான் போன் வரும், கைய எடுன்னீங்க. எடுத்துட்டேன்." தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள். "எல்லா கேப்டன்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. இன்னும் ஒரே ஒரு தடவை குடுங்க. மண்டி போட்டுக் கேக்கறேன்."

தோகில் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பியோ பேனாவின் மூடியைத் திறந்தார். தேர்வுத் தாளில் முடிவு எழுதும் கட்டத்துக்கு மேலே முனையை வைத்தார். மூடினார். உறைந்த திரைக்கு எதிரே ஸேபோமின் இடக்கை நெம்புகோலை இன்னமும் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. அன்று தான் எடுக்கச் சொன்ன அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தாளை எழுதாமலே இருக்கையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.